எதுக்குன்னா கங்காணி

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை என்பதால் இங்கும் எழுதவில்லை. போடிக்கு மேலே மலையில், சின்னக்கானலுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுக்கும் பெண்களின் கூட்டம் ஒன்றுக்கு அவர் கங்காணி. கங்காணி முறை சட்டப்படி ஒழிந்து வெகுநாள் ஆகியிருந்தது. தோட்டத்துக் காகிதங்களில் அவர் சூப்பர்வைசர். மனிதர்கள் வாயில் மட்டும் பழைய சொல்லே தங்கிவிட்டது. அதிலும் அவரை வெறும் கங்காணி என்று யாரும் சொல்வதில்லை. ‘எதுக்குன்னா கங்காணி’ என்றுதான் சொல்வார்கள்.

நான் அங்கே கம்பவுண்டராகச் சேர்ந்தது எழுபத்திரண்டாம் வருடம், ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலைக் காட்டு வெயிலில் வளர்ந்த எனக்கு, ஆனி என்றால் காற்று. அங்கே ஆனி என்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மலையே தெரியாத மழை. சேர்ந்த மறுநாள் காலை டிஸ்பென்சரி ஜன்னலைத் திறந்தபோது எதிரே பெரட்டுக் களத்தில் பெண்கள் தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாகக் கூடியிருந்தார்கள். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பழைய காக்கிக் கோட்டும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். குரல் பெரிதாக இல்லை. அதனாலேயே பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“மாரியம்மாளுக்கு ரோட்டு நெரை. எதுக்குன்னா நேத்து அவ ஓடையில நின்னா. சண்முகத்தாய்க்கு நடு நெரை. எதுக்குன்னா விரல்ல வெட்டு, மேட்டுல ஏறுனா செடியப் பிடிக்க முடியாது.”

தேயிலைச் செடிகளின் வரிசைக்கு அங்கே நிரை என்று பெயர். ஆளுக்கொரு நிரை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். ஆனால் நிரைக்கு நிரை வாழ்க்கை வேறு. ரோட்டோர நிரையில் வெளிச்சம் உண்டு, கொழுந்து தளதளவென்று வரும், எடை போடும் இடம் பக்கம். ஓடையோர நிரை சரிவில் இருக்கும். கால் வழுக்கும், அட்டை ஏறும், செடி முற்றிக் கிடக்கும். நிறைந்த கூடையைச் சுமந்துகொண்டு மேலே ஏறிவர வேண்டும். யாருக்கு எந்த நிரை என்பதைக் கங்காணி சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

மற்றக் கங்காணிகள் கையை நீட்டுவார்கள். “நீ அங்க, நீ இங்க.” அவ்வளவுதான். இவர் ஒவ்வொரு நிரைக்கும் காரணம் சொல்லித்தான் கொடுப்பார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். முறை சுற்றிக்கொண்டே வரும். நேற்று ஓடையில் நின்றவள் இன்றைக்கு ரோட்டோரம். அந்த முறையை மாற்ற வேண்டி வந்தால் அதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணங்களால்தான் பெரட்டுக் களத்தில் தினமும் ஒரு கூத்து நடந்தது.

“ஆவுடைக்கு இன்னைக்கு மேட்டு நெரை கெடையாது, நடு நெரை. எதுக்குன்னா ராத்திரி வீட்டுல சண்ட, பாவம், தூங்கல.”

ஆவுடை என்கிற ஆவுடைத்தாய் அந்தக் கூட்டத்தில் வாய்க்குப் பேர்போனவள். “அடப் பாவி மனுசா! எம் மானத்த இப்பிடி மழையில நனைய விடுதீரே!” என்று கூடையைத் தரையில் வைத்தாள்.

“காரணம் சொல்லாம நெரைய மாத்துனா மத்தவளுக என்ன நெனைப்பாளுக? கங்காணிக்கு ஆவுடை வீட்டு மீன்கொழம்பு போயிருக்குன்னு நெனைப்பாளுக.”

“எங்க வீட்டு மீன்கொழம்ப நீரு தின்னுட்டாலும்! அப்புறம் காரணம் சொல்ல வாய் இருக்காது.”

கூட்டம் சிரித்துக்கொண்டே காட்டுக்குள் இறங்கியது. ஆவுடையும் சிரித்தாள். நடு நிரைக்குத்தான் போனாள்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை மாரியம்மாள் பெரட்டுக்கு நேரம் தவறி வந்தாள். “ஓடை நெரை. எதுக்குன்னா பிந்தி வந்தா” என்று அனுப்பிவிட்டார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா பிந்தி வந்ததால் குழந்தையை விடமுடியாமல் அவள் காத்து நின்ற விஷயம் பிற்பாடுதான் தெரிந்தது. மறுநாள் பெரட்டில் முதல் வார்த்தை இதுதான்: “நேத்து மாரியம்மாளுக்கு நான் சொன்ன காரணம் தப்பு.” பக்கத்தில் நின்ற பீல்டு ஆபீசர், கோட்டயம் பக்கத்து மலையாளி, தலையில் கைவைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் ஆட்களிடம் தப்பு என்று சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று டிஸ்பென்சரியில் வந்து என்னிடம் அலுத்துக்கொண்டார். எனக்கும் தெரியவில்லை.

மருந்துக்கும் அவர் காரணம் கேட்பார். நான் கொடுத்த மிக்சரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

“இந்தச் செவப்புத் தண்ணி எதுக்கு டாக்டரய்யா?”

“நான் டாக்டர் இல்லீங்க, கம்பவுண்டர். வயித்துக்குத்தானுங்க, குடிங்க.”

“வயித்துல என்ன பண்ணும்?”

“ஏனுங்க, இத்தன பேரு வந்து குடிச்சிட்டுப் போறாங்க, ஒருத்தரும் இப்படிக் கேக்கறதில்லைங்க.”

“அவுக கேக்கல. நீங்களும் சொல்லல. அப்புறம் எப்பிடிச் சரியாகும்?”

என் ‘ஏனுங்க’வைக் கேட்டால் அந்தப் பக்கத்துத் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் மட்டும் சிரித்ததில்லை; பதில் வரட்டும் என்று காத்திருப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் கேட்காதவர்களுக்கும் நானாகவே சொல்லத் தொடங்கினேன்.

அந்த டிஸ்பென்சரிக்கு வரும் வியாதிகளில் ஒன்றுக்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை. “தல கனக்கு”, “நெஞ்சு பாரமா இருக்கு”, “ராத்திரி கண்ண மூடுனா தூக்கம் வரல.” காய்ச்சல் இருக்காது, நாடி ஒழுங்காக இருக்கும், நாக்கு சுத்தமாக இருக்கும். இப்படி வருகிறவர்களில் அவருடைய கூட்டத்து ஆட்கள் அபூர்வம் என்பது மெல்லத்தான் எனக்கு உறைத்தது. அவர்களும் வருவார்கள். அட்டைக் கடி, வெட்டு, சளி, பிரசவம் என்று வருவார்கள். தலைக்கனம் என்று வருவதில்லை. மேல் டிவிஷன் கூட்டத்திலிருந்து ஒரு பெண் அடிக்கடி வருவாள். “இன்னைக்கு நல்ல நெரைதானே கெடச்சுது?” என்று கேட்டேன். “நல்ல நெரைதான். எதுக்குக் குடுத்தாருன்னு தெரியல. நாளைக்கு என்ன கேப்பாரோ” என்றாள். கெட்ட நிரை மட்டுமல்ல, காரணம் தெரியாத நல்ல நிரையும் நெஞ்சில் பாரம் ஏற்றும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிற்காலத்தில் வேலையிடத்து மனநிலை பற்றிச் சில புத்தகங்கள் படித்தேன். அவற்றில் இதற்கு நீளமான பெயர்கள் இருந்தன. இந்தப் பெண் சொன்ன அளவுக்குத் தெளிவு இல்லை.

இனி இசக்கி.

கங்காணியின் மனைவிக்கு முழங்கால் வீங்கி வேலையை விட்டு நின்றபோது, அந்த இடத்தில் மகள் இசக்கியம்மாள் சேர்ந்தாள். அவசரநிலை அறிவித்த வருடத்துக்கு முந்தின வருடம் அது. எழுபத்து நான்கு, மாசி என்று நினைவு. இருபது வயதிருக்கும். அப்பாவைப் போலவே சத்தம் போடாமல் பேசுவாள். கை மட்டும் அம்மாவின் கை, மளமளவென்று போகும். முதல் நாள் பெரட்டில் அப்பா எல்லாருக்கும் நிரை சொல்லி முடித்துக் கடைசியில் அவளிடம் வந்தார்.

“இசக்கிக்கு ஓடை நெரை.”

அவ்வளவுதான். எதுக்குன்னா வரவில்லை.

மறுநாளும் ஓடை நிரை. அதற்கு மறுநாளும். முறை எல்லாரையும் சுற்றி வந்தது. அவளை மட்டும் தொடாமல் தாண்டிப் போனது. முதலில் பெண்கள் மெச்சினார்கள். “தம் மகளுன்னு கூடப் பாக்கல பாரு. இவருல்லா மனுசன்” என்று ஆவுடையே என்னிடம் சொன்னாள். மழை வந்தது, போனது. ஓடையோரத்தில் இசக்கி நின்றாள். மெச்சுகிற பேச்சு ஒருநாள் தானாக நின்றுபோனது.

டிஸ்பென்சரிக்கு அவள் முதலில் அட்டைக் கடிக்குத்தான் வந்தாள். “அட்டைகளுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சுபோச்சுண்ணே. பேரு சொல்லித்தான் கூப்பிடுதுக” என்று சிரித்தாள். அடுத்து வந்தபோது சிரிப்பு இல்லை. தலை கனக்கிறது என்றாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. நாடி பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து அந்த வியாதி வந்ததில் எனக்கே திக்கென்றிருந்தது.

“ஏன் அம்முணி, அப்பாகிட்டச் சொல்லி நெரைய மாத்திக் கேக்கட்டுமா?”

“நெரைய மாத்த வேண்டாம்ணே. யாராச்சும் ஒருத்தி நிக்க வேண்டிய எடந்தான, நான் நிக்கேன். எதுக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“நீயே கேக்கறதுதானே?”

“வீட்டுல கேட்டேன். சாப்பிடுன்னாரு. ஆட்டுக்குட்டியக் கட்டும்போது கூட, ‘இங்க கட்டுதேன், எதுக்குன்னா வெயில் வரும்’னு அதுக்கிட்டச் சொல்லுவாருண்ணே. எனக்குச் சொல்ல ஒரு காரணம் கெடைக்கலயா?”

நான் நீட்டிய மருந்துச் சீசாவைக் கையில் வாங்காமல் நின்றாள். போடியில் சித்தி இருக்கிறாள், ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை இருக்கிறது, வரச் சொல்கிறாள் என்றாள். “எங்கய்யா ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா நான் இங்கனயே கெடப்பேன். இல்லன்னா போயிருவேண்ணே. இங்க இருந்தா நான் அவர வெறுத்துருவேன். அது எனக்கு வேண்டாம்.”

அந்த வாரமே அவர் கண் சொட்டு மருந்துக்கு வந்தார். சொட்டு விட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பார்க்காமல் இருக்கும்போது கேட்பது எளிதாக இருந்தது.

“கங்காணி, இசக்கிக்கு எதுக்குங்க எப்பவும் ஓடை நெரை?”

மூடிய இமைக்கு வெளியே மருந்து வழிந்தது.

“எல்லாருக்கும் முன்னால சொல்ல முடியாத காரணத்துக்கு நெரை குடுக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும் டாக்டரய்யா. இத்தன வருசமா அதத்தான பண்ணுதேன்.”

“இதையும் சொல்லிட வேண்டியதுதானுங்களே?”

“என்னன்னு சொல்ல? ‘எதுக்குன்னா, நான் பயப்படுதேன்’னு சொல்லவா? மகளுக்கு ஒருநாள் ரோட்டு நெரை குடுத்தா, ஏதாவது ஒரு வாய், பாத்தியா, தம் மகளுன்னதும் வளைஞ்சிட்டாருன்னு சொல்லிரும். அந்த ஒரு வாய்க்குப் பயந்து எம் பிள்ளைய அட்டைக்குக் குடுத்துட்டு நிக்கேன். இத மத்தவளுக முன்னால சொல்லணுமா?”

எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலேயே வெளியே போனார். மறுநாள் பெரட்டிலும் ஓடை நிரைதான், காரணம் இல்லை.

இசக்கி போடிக்குப் போன நாள் ஒரு திங்கட்கிழமை. அது எழுபத்தைந்து, பங்குனி. தேதியும் எனக்கு ஞாபகம் இருந்தது, இப்போது இல்லை. போடி பஸ் பெரட்டுக் களத்துக்கு எதிரே ரோட்டில்தான் நிற்கும். அவள் துணிப்பையோடு ரோட்டோரத்தில் நின்றாள். இந்தப் பக்கம் பெரட்டு. பெண்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே நிரை சொல்லத் தொடங்கினார்.

“ஆவுடைக்கு ரோட்டு நெரை. எதுக்குன்னா நேத்து மேட்டுல நின்னா.”

“எனக்கு வேண்டாம்” என்றாள் ஆவுடை.

அவர் நிமிர்ந்தார்.

“எனக்கு ரோட்டு நெரை வேண்டாம் கங்காணி. எதுக்குன்னா, நான் சொல்லுதேன் கேளும். அந்தப் பிள்ள ஓடையில நிக்கையில ரோட்டோரத்துக் கொழுந்து என் கைக்கு வரமாட்டேங்கு. எனக்கும் தூக்கம் போச்சு. எங்க எல்லாருக்கும் ஞாயம் பாத்தீரு. அவள மட்டும் ஏன்வே கணக்குல சேக்காம விட்டீரு? அவளும் இந்தக் கூட்டத்து ஆளுதான?”

கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். மாரியம்மாள் வைத்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் வைத்தார்கள். வேலைநிறுத்தமோ என்று பதறிப் பீல்டு ஆபீசர் ஓடிவந்தார். “எந்தா இது, சமரமாணோ?”

“சமரம் இல்ல சாரே, செத்த பொறும். கங்காணி ஒரு காரணம் சொல்லணும்” என்றாள் ஆவுடை.

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் பெரிதாகக் கேட்டது.

“இசக்கிக்கு இத்தன நாளா ஓடை நெரை. எதுக்குன்னா எனக்குப் பயம். ஊர் வாய்க்குப் பயம். அவ கொறைவுன்னு இல்ல, அவமேல கோவம்னு இல்ல. என் பயம். அது காரணமே இல்ல, தப்பு.” குடையைக் கக்கம் மாற்றி இடுக்கினார். “இன்னைக்கு ரோட்டு நெரை இசக்கிக்கு. எதுக்குன்னா அவ முறை.”

இசக்கி ரோட்டைத் தாண்டி வரவில்லை. நின்ற இடத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இதச் சொல்ல இத்தன நாளாய்யா?” என்றாள். வளைவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஐயா, ஏறட்டா?”

“ஏறு” என்றார். “எதுக்குன்னா, சித்தி ஒனக்குச் சோறு வடிச்சு வச்சிருப்பா.”

அழுதுகொண்டே சிரித்தாள். பஸ் போய்விட்டது. அவர் ஆவுடையின் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு ரோட்டு நிரைக்குள் இறங்கினார். கங்காணி கொழுந்து எடுப்பதை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. பெரிய விரல்கள், பழக்கமில்லாமல் முற்றிய இலையையும் சேர்த்துப் பிடுங்கின. “கொழுந்த எடுக்கச் சொன்னா மரத்தையே எடுக்கீரு” என்று, வேறொரு கூடையை மாட்டிக்கொண்டு வந்த ஆவுடை பக்கத்து நிரையிலிருந்து கத்தினாள். சாயங்காலம் அந்தக் கொழுந்தைப் பெண்களின் கூடைகளில் பிரித்துப் போட்டார்.

இசக்கி பிறகு தோட்ட வேலைக்கு வரவில்லை. அந்த வருடம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது டிஸ்பென்சரியை எட்டிப் பார்த்தாள். உடம்பு தேறியிருந்தது. தலை கனக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

“ஏலக்காய்க் கெடங்குல காரணம் சொல்லி வேலை தாராங்களா?”

“அங்க எவரு சொல்லுதாரு? மொதலாளி எரிஞ்சு விழுதாரு, அந்த மூட்டையப் பிரி, இந்த மூட்டையப் பிரின்னு. அது வலிக்காதுண்ணே. அவரு எங்கய்யா இல்லல்லா.”

சீக்கிரம் போக வேண்டும் என்றாள். வாசலில் நின்று பெரட்டுக் களத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. மகளின் பெயரை முறையிலிருந்து எடுக்கவில்லை. சுற்றி வரும்போது அவள் முறையும் வரும். ஓடை நிரை வந்தால் ஓடை நிரை, ரோட்டு நிரை வந்தால் ரோட்டு நிரை. “இசக்கிக்கு” என்று கூப்பிட்டு, காரணத்தையும் சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு அவரே இறங்குவார். பீல்டு ஆபீசர் முதலில் சத்தம் போட்டார். பிறகு அந்த நாட்களில் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டார். பெண்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் கைக்கு வேகம் வரவே இல்லை.

எழுபத்தெட்டில் எனக்கு மாற்றல் வந்தது. இரண்டு வரி உத்தரவு. இன்ன இடத்தில் இன்ன தேதிக்குள் சேர வேண்டும் என்று இருந்தது. எதற்கு என்று இல்லை. கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல.

“எதுக்குன்னு போடலயே?”

“இல்லீங்க.”

உத்தரவு போட்டவர் அவரேதான் என்பது போல முகம் வாடிவிட்டது. அதன் பிறகு பல ஊர்களில், பல அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்தேன். பாலக்காட்டில்தான் ஓய்வு பெற்றேன். நல்ல இடமும் கிடைத்தது, கெட்ட இடமும் கிடைத்தது. நடுவில் சில வருடங்கள் எனக்கும் தலை கனத்தது. நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் வேலைக்குள் நுழையும்போது, சத்தமில்லாத குரல் ஒன்று எனக்கும் ஒரு நிரையைக் காட்டி, அதன் காரணத்தையும் சொல்லாதா என்று காது காத்திருக்கும்.

நான் கிளம்பிய காலையில் மழை இல்லை. அவர் வழியனுப்ப வரவில்லை. ஏன் என்று சங்கடமாக இருந்தது. பஸ் நகர்ந்து முதல் வளைவில் திரும்பியபோது பார்த்தேன். ரோட்டோர நிரையில், காக்கிக் கோட்டுக்கு மேல் கூடையை மாட்டிக்கொண்டு, குனிந்து கொழுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். பஸ் சத்தத்துக்கு நிமிர்ந்து இலை நிறைந்த கையை உயர்த்தினார். அன்றைக்கு இசக்கியின் முறை.